கைரேகையும் காமிராவும்

“அடிக்காதீர்கள், ஐயா!”

கெஞ்சும் குரல். நாம் கேட்டுப் பழகிய குரல். காவல் நிலையத்துச் சுவர்கள் காலமெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்ட குரல்! ஆனால், இப்போது நான் சொல்ல வந்தது காவல் நிலையத்துச் செய்தியன்று, படமொன்றின் பெயர். ‘ப்ளீஸ் டோன்ட் பீட் மீ, சார்!’ என்ற பெயருடன் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணப்படம். அடிபட்டோர் வாயிலிருந்து ஆயிரம் முறை வெளிவந்த சொற்களை, அவர்தம் பிள்ளைகள் நாடகமாக்கிப் பேசுகிறார்கள். திரை அதைக் காட்டுகிறது.

இடம், அகமதாபாத். ஆலை முதலாளிகளின் மாளிகைகள் நிறைந்த வீதியன்று. குபேர்நகர் என்றொரு பகுதி. அதையொட்டிச் சாராநகர் என்றொரு குடியிருப்பு. குபேரன் பெயரால் ஒரு பேட்டை. அதன் பக்கத்திலேயே, குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டோர்க்கு ஒரு பேட்டை! பெயர் வைப்பதிலே நம் நாட்டாரை மிஞ்ச யாரால் முடியும்?

அந்தச் சாராநகரின் இளைஞர்கள் 1998ஆம் ஆண்டிலிருந்து நாடகம் நடத்துகிறார்கள். பின்னர், காமிராவையும் கையில் எடுத்தார்கள். தங்கள் தெருவையும், தங்களைப் போன்றோர் வாழும் தெருக்களையும் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களைப் பற்றியதே இக்கட்டுரை. “குசராத்திலே யாரோ எடுத்த படத்துக்கும், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கும் என்னய்யா தொடர்பு?” என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு, தோழர்களே! இரத்தத் தொடர்பு என்று கூறமாட்டேன். இரத்தம் சிந்திய தொடர்பு.

அதைக் கூறுமுன் ஒரு கேள்வி. ஒரு தெரு மறுமலர்ச்சி பெற்றது என்று எப்போது சொல்லலாம்?

நகராட்சியாரைக் கேட்டால், “சாக்கடைக்கு மூடி போட்டோம், சந்துக்கு விளக்குப் போட்டோம்” என்பார்கள். பொறியாளரைக் கேட்டால், “குடிசை இருந்த இடத்திலே நான்கு மாடி எழுப்பினோம்” என்பார். வேண்டியவைதாம், வேண்டாமென்று எவன் சொல்வான்? ஒழுகுகிற ஓலைக் கூரையின் கீழே உட்கார்ந்து படித்தவனுக்குத் தெரியும், காரைக் கூரையின் அருமை. தமிழகத்தில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, ஏழைக்கும் கல்வீடு உண்டு என்ற எண்ணமே ஒரு புரட்சியாக இருந்தது. 2021இல் அந்த வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பெயரிலிருந்து ‘குடிசை’ போயிற்று, நல்லது. ஆனால், சென்னையின் நடுவிலே குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கியபோது நேர்ந்தது என்ன? வீடு கிடைத்தது, வேலை தொலைவாயிற்று. கதவு கிடைத்தது, பிள்ளையின் பள்ளிக்கூடம் கைக்கெட்டாத தூரமாயிற்று.

செங்கல்லும் சுண்ணாம்பும் தெருவின் உடலைத் திருத்தும். தெருவின் மீது ஒட்டிக்கொண்ட பெயரைத் திருத்துவது எது? “அந்தத் தெருப் பையனா? வேலை இல்லை” என்று சொல்லும் வாயை அடைப்பது எது? அங்கேதான் படம் வருகிறது. தெருவைப் பற்றி ஊரார் மனத்திலே ஒரு படம் முன்பே பதிந்திருக்கிறது. அதை அழித்து வேறு படம் வரைய வேண்டும். வரையும் கை யாருடையது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு உலகம் ஒரே நாளில் விடை கண்டுவிடவில்லை. 1935ஆம் ஆண்டு, இங்கிலாந்து. ஆர்தர் எல்ட்டன், எட்கர் ஆன்ஸ்ட்டி என்ற இருவர் ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ என்றொரு சிறு படம் எடுத்தனர். இலண்டன் நகரத்து ஸ்டெப்னிப் பகுதியின் இடிந்த வீடுகளுக்குள் காமிராவையும் ஒலிக்கருவியையும் கொண்டு சென்றனர். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களே பேசினார்கள். தன் வீட்டுக்குள் புகுந்த எலியைப் பற்றி ஓர் அம்மையார் கதைபோலச் சொன்னார். அதுவரை திரையிலே ஏழை அழுதான். அன்றுதான் ஏழை பேசினான். பெரிய செயல்தான்! ஆனால், படத்துக்குப் பணம் கொடுத்தது யார்? எரிவாயு வாணிகம் செய்யும் நிறுவனத்தார். பழைய வீடு இடிய வேண்டும். புது வீடு எழ வேண்டும். புது வீட்டிலே எரிவாயு அடுப்பு எரிய வேண்டும்! ஏழையின் சொல் உண்மை. அந்தச் சொல்லை எங்கே வைத்து எப்படி முடிப்பது என்ற உரிமை மட்டும் ஏழைக்கு இல்லை.

அடுத்தது 1967. கனடா நாட்டின் ஃபோகோ தீவு. மீன் பிடித்து வாழ்ந்த மக்களைத் தீவை விட்டு வேறிடத்துக்குக் குடியேற்றிவிடலாமா என்று அரசினர் எண்ணிக்கொண்டிருந்த நேரம். காலின் லோ என்ற படப்பிடிப்பாளர் அங்கே சென்றார். மக்களைப் பேசவிட்டுப் பல சிறு படங்கள் எடுத்தார். எடுத்தவற்றை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் ஒப்பிய பின்னரே அரசினர்க்குக் காட்டினார். தீவின் ஒரு கோடியில் இருந்தவன் மறுகோடியில் இருந்தவன் பேச்சைத் திரையிலே கேட்டான், “நமக்கும் அதே துயரந்தானே!” என்று உணர்ந்தான். மீனவர்கள் கூட்டுறவு அமைத்தார்கள், தீவு காலியாகவில்லை. இங்கே காமிரா வெளியாருடையது. ஆனால் ஒப்புதல் உள்ளூராருடையது. ஒரு படி உயர்ந்தது உலகம்.

நம் இயக்கத்தின் கதையையும் இந்த வரிசையிலே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ‘வேலைக்காரி’ 1949, ‘பராசக்தி’ 1952. அதே 1952இல் மதுரையிலே தங்கம் திரையரங்கு திறக்கப்பட்டது. திறந்த அன்று ஓடிய படம் ‘பராசக்தி’. அந்தக் கொட்டகை இன்று இல்லை; அந்த உரையாடலின் எதிரொலி இன்னும் இருக்கிறது. கோயிலையும் கொடுமையையும் குற்றக் கூண்டில் ஏற்றிய படங்கள் அவை. எனினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீதியோரத்து ஏழைக்காக நாம் பேசினோம், அழகாகப் பேசினோம், அவனையே பேசவிடவில்லை. கைவண்டி இழுத்தவனுக்காக எழுதினோம். அவன் கையிலே காமிராவைக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்திலே கருவியின் விலை அப்படி. அதற்காக எவரையும் நோகவேண்டாம். இன்று பத்தாம் வகுப்புப் பையன் சட்டைப் பையிலே காமிரா கிடக்கிறது. இனிச் சாக்கு இல்லை.

சாராநகர், மூன்றாவது படி.

சாரா மக்கள் யார்? வெள்ளையர் ஆட்சி 1871ஆம் ஆண்டு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் எந்தெந்தக் கூட்டத்தாரைப் ‘பிறப்பால் குற்றவாளிகள்’ என்றதோ, அந்தக் கூட்டத்தாருள் ஒருவர். வேலிக்குள்ளே அடைத்தார்கள், நாள்தோறும் பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணினார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக எடுத்து வைத்த வாதம் என்ன தெரியுமா, தோழர்களே? “இந்த நாட்டிலே தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன்; தொழில் சாதி வழியாக வருகிறது. ஆகவே திருடன் மகனும் திருடனாகத்தானே இருப்பான்?” கேட்டீர்களா, வெள்ளைக்காரனின் ஆராய்ச்சியை! விலங்கு அடித்தவன் வெள்ளையன். அதற்கு அச்சு வார்த்துக் கொடுத்தவன் மனு! பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்பதை ஒப்பிய நாடு, பிறப்பினால் ஒருவன் திருடன் என்பதை எப்படி மறுக்க முடியும்?

1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அந்தச் சட்டம் இந்தியா முழுவதிலும் நீங்கிற்று. வேலி போயிற்று, பெயர் போகவில்லை. வேலை தருவார் இல்லை. மதுவிலக்கு நடைமுறையிலுள்ள மாநிலத்திலே, பல குடும்பங்கள் சாராயம் காய்ச்சிப் பிழைத்தன. காய்ச்சியவன் வீட்டிலும் போலீசார்; காய்ச்சாதவன் வீட்டிலும் போலீசார்.

1998இல் இரண்டு அறிஞர்கள் அந்தத் தெருவுக்குள் நடந்து வந்தனர். ஒருவர் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி. மற்றவர் மொழியறிஞர் கணேஷ் தேவி. நூலகம் ஒன்று பிறந்தது; அந்த நூலகத்தைச் சுற்றி ஒரு நாடகக் குழு பிறந்தது. அதற்கு இளைஞர்கள் வைத்த பெயர், ‘புதன் தியேட்டர்’.

புதன் யார்? சாராநகரத்து வீரனா? சாராக் குலத்தின் முன்னோனா? இல்லை. அவன் வங்காளத்துப் புருலியா மாவட்டத்தான்; கேரியா சபர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவன். சபர்களும் அதே குற்றப் பட்டியலில் கிடந்தவர்கள்தாம். 1998 பிப்ரவரியில் போலீசார் அவனைப் பிடித்துச் சென்றனர், காவலிலே செத்தான். “தூக்கிட்டுக்கொண்டான்” என்றனர் போலீசார். மகாசுவேதா தேவியார் முன்நின்று வழக்காட, கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்தக் கதையை ஏற்காமல், புதனின் துணைவிக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அந்தப் புதனைச் சாராநகரத்து இளைஞர்கள் கண்டதில்லை. அவன் பேசிய மொழியை அறிந்ததில்லை. அவன் குலம் வேறு, ஊர் வேறு, இடையிலே ஆயிரம் கல் தொலைவு. ஆயினும் 1998 ஆகஸ்டு 31ஆம் நாள், தங்கள் விடுதலை நாளிலே, அவனுடைய சாவைத்தான் முதல் நாடகமாக நடித்தார்கள்; அவன் பெயரைத்தான் தங்கள் குழுவுக்குச் சூட்டினார்கள்.

தோழர்களே, இந்த இடத்திலே கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் எடுத்த படங்கள் அனைத்தையும் எடைபோடும் தராசு இங்கேதான் இருக்கிறது. தாழ்த்தி வைக்கப்பட்ட கூட்டம் தலை நிமிரும்போது, எல்லாரும் செய்வது என்ன? “நாங்கள் ஆண்ட பரம்பரை” என்று பாட்டுக் கட்டுவார்கள். இல்லாத மன்னனுக்குச் சிலை வைப்பார்கள். இவர்களோ, அடுத்தவன் பிணத்தைத் தம் தோளில் சுமந்தார்கள். தன் பெருமையைப் பாடி எழுந்தவன் இன்னொருவன் தலைமேல் கால் வைத்து எழுவான். பிறன் துயரத்தைத் தன் துயரமென்று கண்டு எழுந்தவன் இன்னொருவனையும் கைதூக்கிக்கொண்டு எழுவான். சாராநகர் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. இதுவே மறுமலர்ச்சி என்பேன் நான்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

முதலிற் கூறிய 2011ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர்கள் சாசுவதி தாலுக்தாரும் கெரிம் ஃப்ரீட்மனும். வெளியாரே. 2005இல் ‘ஆக்டிங் லைக் எ தீஃப்’ என்ற சிறு படத்தையும் அங்கே எடுத்தவர்கள். ஓடி வந்து ஒரு வாரத்திலே படம் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் அல்லர், ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். அதனால் அந்தப் படத்திலே ஓர் அரிய பண்பு அமைந்திருக்கிறது. தெருவின் மூத்தோர் தாம் எப்படிப் பிழைத்தோம் என்பதை மறைக்கவில்லை. திருட்டையும் ஒளிக்கவில்லை, சாராயத்தையும் ஒளிக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டுத் தலை குனியவுமில்லை. “திருட்டுக்கு நடிப்பு வேண்டும், எங்கள் கூட்டத்தார் பிறவி நடிகர்கள்” என்று வேடிக்கையாகச் சொல்லுகிற துணிவு அவர்களுக்கு உண்டு. நம்மவர் எடுக்கும் சேரிப் படங்களில் வரும் ஏழையைப் பாருங்கள்: ஒன்று, அவன் தெய்வமாக இருப்பான், அல்லது, கத்தியோடு வருவான். மனிதனாக வருவதில்லை. குற்றம் செய்தவன், அந்தக் குற்றத்துக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவன், தன் மகன் அதைச் செய்யக்கூடாதென்று நினைப்பவன் – இப்படியொரு தந்தையை அந்தப் படம் காட்டுகிறது.

குறை இல்லையா? உண்டு. அந்தப் படத்தின் பெயரே கெஞ்சுகிறது. பார்ப்பவர் உள்ளம் இரங்குகிறது. இரங்கிய பின் எழுந்து வீட்டுக்குப் போகிறது. இரக்கம் நல்ல தொடக்கம். ஆனால் அதுவே முடிவாகிவிட்டால், கொடுத்தவன் உயர்ந்து நிற்பான், பெற்றவன் குனிந்தே நிற்பான். மேடையிலே அதே இளைஞர்கள் போலீஸ்காரராகவும் நடிக்கிறார்கள் அல்லவா? அங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. நேற்று அடித்தவனின் நடையை, அதட்டலை, மீசை முறுக்கலை அடிபட்டவன் நடித்துக் காட்டுகிறான். அந்த நொடியில் அச்சம் செத்துப்போகிறது. கெஞ்சுகிறவனைக் காட்டுவதைவிட, கெஞ்ச வைத்தவனை ஆராய்வது பெரிய கலை.

குழுவின் முன்னோடிகளுள் ஒருவரான தக்ஷின் பஜ்ரங்கே சாராநகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாடகம் எழுதியவர், இயக்கியவர். பின்பு தாமே படம் எடுக்கப் புகுந்தவர். அவருடைய ஆவணப்படங்களுள் ஒன்றின் பெயர் ‘பர்த் 1871’. பிறப்பு 1871! எவ்வளவு பொருள் பொதிந்த பெயர், பாருங்கள்! குற்றவாளி தாய் வயிற்றிலே பிறக்கவில்லை. சட்டப் புத்தகத்திலே பிறந்தான் என்று இரண்டு சொற்களில் கூறிவிடுகிறது. நாடோடிகளாகவும் குற்றப் பரம்பரையாகவும் பட்டியலிடப்பட்ட மக்கள் அனைவரின் கதையாக அது விரிகிறது. காரணம் காட்டுகிற கலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கண்ணீர் அல்ல, கணக்கு. “எப்போது? எவரால்? எந்தச் சட்டத்தால்?” என்று கேட்கிற கலை பகுத்தறிவின் பிள்ளை.

2017இல் அவர் ‘சமீர்’ என்ற பெரும்படத்தை இயக்கினார். வெடிகுண்டு வழக்கொன்றிலே அகப்பட்ட அப்பாவி மாணவனைப் போலீசார் தம் கருவியாக்கும் கதை. எண்ணம் உயர்ந்தது, இங்கும் அவர் தன் குலத்தைப் பாடவில்லை, ஐயத்துக்கு ஆளான இன்னொரு கூட்டத்தாரின் பக்கம் நின்றார். ஆனால், கலைக்கண் கொண்டு பார்க்கையில், சாராநகரின் மூச்சு இதிலே குறைவு என்பது என் முடிபு. பெயர் பெற்ற நடிகர், உளவுத்துறை, ஓட்டம், துரத்தல், திடீர்த் திருப்பம் – பம்பாய்ப் படத்தின் இலக்கணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பணம் பெருகும்போது தெரு பின்னணியாகச் சுருங்குகிறது. அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அங்காடிக்குப் போன எவருக்கும் நேர்வதுதான். ஆனால், “பெரிய படம் எடுத்தால்தான் படம்” என்று நினைக்கிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு விளக்கும் ஒரு திண்ணையும் கொண்டு சாராநகர் சொன்னதை, நாற்பது விளக்கும் நட்சத்திரமும் சேர்ந்து சொல்ல முடியவில்லை.

“சரி, படம் எடுத்தார்களே, அடி நின்றதா?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. நிற்கவில்லை. 2018 ஜூலை 26ஆம் நாள் இரவு பெரும் போலீஸ் படை சாராநகருக்குள் புகுந்தது. வீடு வீடாக நுழைந்து அடித்ததாகவும், வண்டிகளை நொறுக்கியதாகவும் மக்கள் குற்றம் சாட்டினர். புதன் நாடகம் அரங்கேறி இருபது ஆண்டுகள் முடியும் தறுவாயில் இது நடந்தது! ஒரு காலத்தில் இப்படியொரு இரவு வந்திருந்தால், மறுநாள் காலை தெரு வாய் பொத்திக் கிடந்திருக்கும். அன்று அப்படிக் கிடக்கவில்லை. அந்தத் தெருவிலே வழக்கறிஞர் இருந்தார், செய்தியாளர் இருந்தார், நடிகர் இருந்தார், எழுதத் தெரிந்தவர் இருந்தார். கல்லெடுக்கவில்லை, ஊர்வலம் எடுத்தார்கள். நாடு அறிய முறையிட்டார்கள். கலை தடியைத் தடுத்து நிறுத்தும் மந்திரமன்று. மந்திரத்தை நம்புகிறவர்கள் நாமல்லர். தடி விழுந்தால் “இது குற்றம்” என்று சொல்லும் நாவைக் கலை வளர்க்கும். அதுவே அதன் பயன்; அதுவே போதுமான பயன்.

இனி நம் ஊர்க் கதை.

பேரையூருக்கு அருகே, சேடபட்டிப் பக்கத்திலே, பெருங்காமநல்லூர். 1871இன் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைச் சீமையிலே பிறமலைக் கள்ளர் அதன் வாயில் விழுந்தனர். ஆண்பிள்ளைகள் கைரேகை பதிய வேண்டும். இரவிலே சொந்த வீட்டில் உறங்க உரிமையில்லை. வெளியூர் போனால் கையிலே சீட்டு வேண்டும். ரேகைச் சட்டம் என்றே கிழவர்கள் சொல்வார்கள். “பதியமாட்டோம்” என்றது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அங்கே இன்று நினைவுத்தூண் நிற்கிறது.

சாராநகருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு விளங்கிற்றா?

பிறகு, ‘சீரமைப்பு’ வந்தது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரிலே பள்ளிகள் வந்தன, கூட்டுறவுகள் வந்தன. பள்ளிகள் செய்த நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால், அந்தச் சொல்லைக் கூர்ந்து பாருங்கள். சீர் கெட்டவனைத்தானே சீரமைப்பார்கள்? முதலிலே ‘குற்ற மரபு’ என்றார்கள். பிறகு ‘சீர்மரபு’ என்றார்கள். பெயர் சூட்டும் கை மட்டும் மாறவில்லை! சென்னை மாகாணத்திலே 1947இல் சட்டம் ஒழிந்தது. ஒழித்தவர்கள் வரிசையிலே மறக்கக்கூடாத ஒருவர் உண்டு: ஜார்ஜ் ஜோசப். மலையாள நாட்டார், கிறித்தவர், மதுரையிலே வழக்கறிஞர். இந்த மக்களுக்காக வழக்காடினார், எழுதினார். ‘ரோசாப்பூ துரை’ என்று அவரைக் கொண்டாடிய மக்கள், தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டார்கள். சாராநகருக்கு ஒரு புதன். நமக்கு ஒரு ரோசாப்பூ துரை. அயலான் துயரத்தை ஏற்ற பண்பு அவரிடம் இருந்தது. அதனால் பயன் பெற்றவர்கள் நாம்.

பயன் பெற்ற நாம் என்ன செய்தோம்?

இதை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் விடுவது கோழைத்தனம். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து பணியாற்ற, 2006 வரை, பத்தாண்டுக் காலம் விடவில்லை! கைரேகையை எதிர்த்து மடிந்தவர்களின் வழியில் வந்தவர்கள், இன்னொருவன் கையொப்பமிடுவதை எதிர்த்து நின்றார்கள். உத்தப்புரத்தைப் பாருங்கள். 1989 மோதலுக்குப் பின் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பைப் பிரித்து எழும்பிய சுவர். 2008 மே 6ஆம் நாள்தான் அதன் ஒரு பகுதி இடிந்தது. அதை எழுப்பியவர் வேறு சாதியார். சாதி மாறினால் என்ன, சுவரின் வேலை மாறுமா? சாராநகரைச் சுற்றி வெள்ளையன் வேலி கட்டினான். உத்தப்புரத்திலே நாமே கட்டினோம்.

இப்போது நம் பிள்ளைகள் எடுக்கும் படங்களைப் பாருங்கள். வகுப்பிலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் ஐந்து நிமிடப் படம் எடுத்து என்னிடம் காட்டுகிறான். வெளிச்சம் தெரிகிறது, வெட்டு ஒட்டுத் தெரிகிறது. என் தலைமுறைக்குத் தெரியாத வித்தையெல்லாம் தெரிகிறது. கதை? ஓர் அரிவாள், ஒரு மீசை, பின்னால் ஒரு சாதிப் பாட்டு. பெருங்காமநல்லூரைப் பற்றியும் எடுக்கிறான். 16 பேர் செத்ததைச் சொல்கிறான். கண்ணில் நீர் வருகிறது. முடிவிலே, “எங்கள் குலத்தோடு மோதாதே” என்று எழுத்துப் போடுகிறான்! வெள்ளையன் “இவர்கள் பிறவியிலேயே முரடர்கள்” என்றான். அதை எதிர்த்து உயிர் விட்டார்கள் 16 பேர். இன்று பேரன், “ஆமாம், நாங்கள் பிறவியிலேயே முரடர்கள்” என்று பெருமையோடு படம் எடுக்கிறான். வெள்ளையன் கேட்ட கைரேகையைப் பாட்டன் கொடுக்கவில்லை. பேரன் காமிராவால் பதிந்து கொடுக்கிறான்!

அவனை மட்டும் நொந்து பயனில்லை. மதுரை என்றாலே அரிவாள் என்று படம் எடுத்துப் பணம் குவித்தவர்களிடம் அவன் கற்ற பாடம் அது. மாற்றுப் பாடம் இல்லாமலும் இல்லை. 2014இல் ‘மெட்ராஸ்’, வடசென்னையின் ஒரு சுவரைச் சுற்றியே கதையை அமைத்து, சுவரிலே யார் முகம் வரைவது என்ற சண்டையில் இளைஞர்கள் எப்படிப் பலியாகிறார்கள் என்று காட்டிற்று. 2017இல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண் திவ்யபாரதி, மலம் அள்ளும் தொழிலாளரின் வாழ்வை ‘கக்கூஸ்’ என்ற ஆவணப்படமாக்கினார். திரையிட இடையூறு செய்தார்கள்; இணையத்திலே ஏற்றி நாட்டுக்கே காட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனவர்களை, நின்று பார்க்க வைத்தது அந்தப் படம். நட்சத்திரம் இல்லை, நாயகன் இல்லை. துணிவு இருந்தது.

ஆகவே, காமிரா பிடிக்கும் என் இளைய தோழனே, உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் தெருவைப் படம் பிடி. குண்டும் குழியுமான பாதையைப் பிடி. வறண்ட குழாயைப் பிடி. பாட்டன் சொல்லும் ரேகைச் சட்டத்துக் கதையை, அவன் கண் மூடுவதற்குள் பதிவு செய். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதே. உன் தெரு முடிகிற இடத்திலே இன்னொரு தெரு தொடங்குகிறது. அங்கே போகும்போது உன் ஊரார் செருப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். அங்கிருந்து இங்கே வருகிறவன் செருப்பைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அந்த எல்லையிலே காமிராவை நிறுத்து. அந்தத் தெருப் பையனிடம் காமிராவைக் கொடு. உன் தெருவை அவன் எப்படிப் பார்க்கிறான் என்று எடுக்கச் சொல். எடுத்ததை இரண்டு தெருவும் ஒரே திடலில், ஒரே தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஃபோகோ தீவிலே நடந்தது பேரையூரிலே நடக்காதா?

கசக்கும். கல் விழலாம். வீட்டிலே சோறு போட மறுப்பார்கள். சாராநகரத்து இளைஞனுக்கு இவையெல்லாம் புதிதல்ல. அவன் முதுகிலே தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்போடுதான், காணாத ஊரின் புதனுக்காகக் கண்ணீர் விட்டான். நமக்கோ புதனைத் தேடி வங்காளம் போக வேண்டியதில்லை. அடுத்த தெருவிலேயே இருக்கிறான்.

பாட்டன் கைரேகை பதிய மறுத்தான், அது வீரம். பேரன் கை காமிராவைப் பிடித்திருக்கிறது. அது அடுத்த தெருவுக்கு நீளுமா?

நீண்டால், அதற்குப் பெயர் மறுமலர்ச்சி.